தாடை அறுவை சிகிச்சை: ஆஸ்பத்திரிக்குத் தயாரானேன், வீட்டுக்குத் தயாராகவில்லை

மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டையும் அறுத்து நகர்த்தி வைத்து இந்த மாதத்தோடு எனக்குப் பதினோரு மாதம் ஆகிறது. சர்ஜரியைப் பற்றி எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். எலும்பை எந்த இடத்தில் வெட்டுவார்கள், டைட்டானியம் தகடு எப்படி இருக்கும், மயக்கம் எவ்வளவு நேரம் என்று ஒன்றரை வருஷமாகத் தேடித் தேடிப் படித்திருந்தேன். ஆனால் மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ் ஆகி கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது அங்கே எனக்காக எதுவுமே தயாராக இல்லை. சாய்ந்து படுக்க இடம் இல்லை, கஞ்சி வடிகட்ட நல்ல வடிகட்டி இல்லை, வாயைத் திறக்காமல் மாத்திரையை எப்படி உள்ளே தள்ளுவது என்று எனக்கும் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை. டாக்டர் வேலை அஞ்சு மணி நேரத்தில் முடிந்தது. அதற்கு அப்புறமான ஆறு வாரம் முழுக்க வீட்டில் நாம் பார்க்கிற வேலை, அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

எனக்கு கீழ்த்தாடை முந்தி நிற்கும். முன்பல் ஒன்றோடு ஒன்று சேராது, புரோட்டாவை முன்பல்லால் கடித்து இழுக்கவே முடியாது, பின்பல்லில் வைத்துத்தான் அரைக்க வேண்டும். இருபத்தைந்து வயதுக்கு மேல் காதுக்குப் பக்கத்தில் தாடை மூட்டு வலிக்க ஆரம்பித்து, அது தலைவலியாக மாறி, வகுப்பில் நாலு பீரியட் தொடர்ந்து பேசினால் சாயங்காலம் வாயைத் திறக்க முடியாமல் போனது. நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர், பேசாமல் பிழைப்பு இல்லை. கல்யாணத்துக்காகத்தான் முகத்தைச் சரிசெய்கிறாள் என்று சொந்தத்தில் பேசினார்கள், அது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

ஒன்றரை வருஷம் கிளிப் போட்டு பல்லை வரிசைப்படுத்திய பிறகு, கோடை விடுமுறையில் செய்துகொள்ளலாம், ஜூனில் பள்ளி திறக்கும்போது ஓரளவு தேறிவிடலாம் என்பது என் கணக்கு. அதைக் கெடுத்தது இன்ஷூரன்ஸ். இது பல் சிகிச்சை, அழகுக்காகச் செய்வது என்று சொல்லி கேஷ்லெஸ் கிடையாது என்றார்கள். நான் கேட்டு, அவர்கள் கேட்டு, மறுபடி பேப்பர் அனுப்பி என்று மே மாதம் முழுக்க ஓடிவிட்டது. கடைசியில் அம்மாவின் வளையலையும் என் செயினையும் பேங்கில் பணயம் வைத்து 2,35,000 ரூபாய் கட்டி ஜூன் இரண்டாம் வாரம் திருவனந்தபுரத்தில் செய்துகொண்டேன். நாலு மாதம் கழித்து 1,20,000 திரும்பக் கிடைத்தது. அதுவும் எப்படி என்றால், மெல்ல முடியாதது, தாடை மூட்டு வலி, அதற்கு முன்பு எடுத்த சிகிச்சை எல்லாவற்றையும் சர்ஜன் தன் லெட்டர்ஹெட்டில் விளக்கமாக எழுதிக் கொடுத்து, எக்ஸ்ரேயையும் பல் அச்சின் போட்டோவையும் சேர்த்து அனுப்பிய பிறகுதான். அந்தக் கடிதத்தை கிளிப் போட ஆரம்பிக்கும்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், முன்னனுமதிக்கு இரண்டு மாதம் முன்னாடியே எழுதிப் போடுங்கள். இந்த ஒன்றைச் செய்திருந்தால் எனக்கு விடுமுறை கிடைத்திருக்கும், மழைக்காலத்தில் மாட்டியிருக்கவும் மாட்டேன்.

வீட்டுக்கு வந்த பயணத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வீக்கம் சர்ஜரி அன்றைக்கு இருப்பதைவிட இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். சரியாக அந்த நாளில்தான் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் காரில் வந்தேன். மேல் கிளிப்பையும் கீழ் கிளிப்பையும் சேர்த்து ரப்பர் மாட்டியிருந்ததால் வாய் திறக்காது. களியக்காவிளை தாண்டி ரோட்டில் விழுந்து எழுந்து வந்ததில் வயிற்றைப் புரட்ட ஆரம்பித்தது. விழுங்கிய ரத்தம் வயிற்றில் கிடந்தால் குமட்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. வாந்தி வந்தால் மூச்சு முட்டிச் செத்துப்போவேன் என்றே நம்பினேன். பின்சீட்டில் அம்மாவின் கையை நகம் பதியப் பிடித்திருந்தேன். குழித்துறை பாலத்துக்கு முன்னால் டிரைவர் அண்ணன் ஓரமாக நிறுத்த, கதவைத் திறந்து தலையை முழங்காலுக்குக் கீழே குனிந்தேன். கறுப்பாக, காப்பித்தூள் கலந்த தண்ணீர் மாதிரி, பல்லிடுக்கு வழியாகவும் மூக்கு வழியாகவும் வெளியே வந்தது, அவ்வளவுதான். மூச்சு முட்டவில்லை. அம்மா துண்டை என் வாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல மக்ளே, போகட்டு, போகட்டு" என்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். வயிற்றில் இருப்பது வெறும் தண்ணீர் ஆகாரம் என்பதால் முன்னால் குனிந்தால் அது வழிந்து வந்துவிடும், மல்லாந்து படுக்கத்தான் கூடாது. இதை யாராவது முன்பே இரண்டு வரியில் சொல்லியிருந்தால் அந்தப் பயம் எனக்கு இல்லை. கிளம்புவதற்கு முன்னால் வாந்தி மருந்து கேளுங்கள், முன்சீட்டில் உட்காருங்கள், மடியில் ஒரு பழைய துண்டு இருக்கட்டும். ரப்பர் போட்டவர்கள் சின்ன கத்தரிக்கோல் ஒன்றைக் கைப்பையில் வைத்திருக்க வேண்டும். ரப்பருக்குப் பதில் கம்பியால் கட்டியிருந்தால் கட்டர் வேண்டும், அவசரத்துக்கு எந்தக் கம்பியை வெட்டுவது என்று டிஸ்சார்ஜுக்கு முன்னால் கூட வருகிறவரிடம் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

சாப்பாடு. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், டம்ளரில் குடிக்க உதடு ஒத்துழைக்காது. முதல் வாரம் முழுக்க ஊசி இல்லாத 50 மில்லி சிரிஞ்சின் முனையில் மெல்லிய ரப்பர் குழாயை மாட்டி, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் பின்பக்கமாக நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விழுங்க வேண்டும். ஒரு டம்ளர் கஞ்சி உள்ளே போக முக்கால் மணி நேரம் ஆனது. ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு சிரிஞ்சு கொடுத்தார்கள், மூன்றாம் நாளே அதன் பிஸ்டன் இறுகி, தள்ளும்போது திடீரென்று மொத்தமும் தொண்டைக்குள் பாய்ந்து இருமல் வந்தது. ஆறு ஏழு வாங்கி வையுங்கள், சல்லிக்காசுதான்.

அதைவிட முக்கியமானது சூடு. கீழ்த்தாடை எலும்புக்குள்ளேதான் உதட்டுக்கும் நாடிக்கும், அதாவது மோவாய்க்கும், உணர்ச்சி கொடுக்கிற நரம்பு ஓடுகிறது, சர்ஜரியில் அது இழுபடும். அதனால் கீழுதடும் நாடியும் மரத்துப்போய் இருக்கும். நாலாம் நாள் அம்மா பயறு கஞ்சியை அரைத்துத் தந்தாள். சிரிஞ்சில் இழுத்து விட்டபோது உதட்டோரமாக வழிந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் கண்ணாடியில் பார்த்தால் உதட்டின் இடதுபக்கம் தோல் வெள்ளையாக வெந்து கொப்பளித்திருந்தது. வலியே இல்லாமல் வெந்த அந்த உதட்டைப் பார்த்தபோது நான் மறுபடியும் பயந்தேன். அதிலிருந்து பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும்போது செய்வது மாதிரி மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டுப் பார்க்காமல் எதையும் வாய்க்குக் கொண்டுபோனதில்லை.

என்ன குடித்தேன் என்று கேட்பார்கள். முதல் மூன்று நாள் கருக்கு (இளநீர்), பால், வடித்த கஞ்சித்தண்ணீர். அப்புறம் எங்கள் ஊரில் கைக்குழந்தைக்குக் காய்ச்சுகிற ஏத்தங்காய் (நேந்திரங்காய்) பொடி கூழ், கருப்பட்டி போட்டு, தேங்காய்ப்பால் விட்டு நீர்க்கக் காய்ச்சியது. அது வயிற்றில் நின்றது, தெம்பும் வந்தது. ஆனால் வலி மருந்தும் ஏத்தங்காயும் சேர்ந்து ஐந்து நாள் மலம் கட்டிவிட்டது. முக்கினால் முகத்தில் ரத்தம் ஏறி வீங்கின இடமெல்லாம் விண்விண் என்று தெறிக்கும், அந்த வேதனை தாடை வலியைவிட மோசம். ஏத்தங்காயை ஒரு நேரத்தோடு நிறுத்தி, உலர்திராட்சை ஊறவைத்து அரைத்து வடிகட்டிய தண்ணீரும் பப்பாளி அரைத்ததும் சேர்த்த பிறகுதான் சரியானது. மலம் இளக்கும் சிரப் ஒன்றை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள், கேட்க வெட்கப்படாதீர்கள். இரண்டாம் வாரத்தில் உளுந்தங்கஞ்சி, முள் இல்லாத நெய்மீன் துண்டை மிளகாய் இல்லாமல் அவித்து கஞ்சியோடு அரைத்து இரண்டு முறை வடிகட்டியது, பருப்புத்தண்ணீரில் நெய். முதலில் ஆசையாகச் சாளை மீனைப் போட்டு அரைத்தாள் அம்மா. பொடிமுள் வடிகட்டியையும் தாண்டி வந்து தையலில் குத்தியது, அந்த வேலை வேண்டாம். நாலு வாரத்தில் 51 கிலோவிலிருந்து 45க்கு வந்தேன். பசித்த பிறகு குடிக்கலாம் என்று இருந்ததுதான் நான் செய்த தப்பு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்துக் குடித்திருக்க வேண்டும்.

எல்லாம் மிக்சியை நம்பி. ஜூன் மழையில் ரப்பர் மரம் லைனில் சாய்ந்து ஒரு ராத்திரியும் மறுநாள் மத்தியானம் வரைக்கும் கரண்ட் இல்லை. எங்கள் சின்ன இன்வெர்ட்டரில் ஃபேனும் லைட்டும் ஓடும், மிக்சி ஓடாது. அம்மா அம்மியில் அரைத்தாள், துணியில் பிழிந்தாள், ஆனாலும் திப்பி வந்து குழாய் அடைத்தது. அன்றைக்குப் பாலும் கருக்கும்தான். நாள்பட வைக்கிற பால் பாக்கெட் பத்தும், வெந்நீரில் கலக்கினால் போதும் என்கிற சத்துமாவு ஒரு டின்னும் அலமாரியில் இருந்தால் அந்த நாள் பட்டினி இல்லை. புரோட்டீன் பவுடர் மட்டும் முன்கூட்டி பெரிய டப்பா வாங்காதீர்கள். நான் 3,200 ரூபாய்க்கு சாக்லேட் வாசனையில் ஒன்று வாங்கி, ரத்தவாடை அடித்த வாய்க்கு அந்த இனிப்பு குமட்டி, மூன்று நாளுக்கு மேல் தொடவே முடியவில்லை.

மாத்திரையை எல்லாம் பொடித்துக் கலக்கிக் குடித்துவிடலாம் என்று நாங்களாக முடிவு செய்தோம். கேஸ் மாத்திரையையும் சேர்த்து அம்மிக்கல்லில் பொடித்தாயிற்று. மருந்துக்கடையில் பார்த்த தம்பி சொன்னார், அந்த மாத்திரைக்கு மேலே ஒரு பூச்சு இருக்கிறது, வயிற்று அமிலத்தில் கரையாமல் குடலில் போய்க் கரைய வேண்டும், பொடித்தால் பலன் போய்விடும் என்று. மெதுவாகக் கரைகிற மாத்திரைகளையும் பொடிக்கக் கூடாது, மருந்து மொத்தமும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். ஆன்டிபயாட்டிக், பாரசிட்டமால் எல்லாம் சிரப்பாகக் கிடைக்கிறது. குழந்தைகளுக்கான சிரப்தான் என்றாலும் பெரியவர்களுக்கு எத்தனை மில்லி என்று டாக்டரே எழுதித் தருவார். டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வாங்கியதும் ஒவ்வொரு மருந்தாக விரலை வைத்து, இதை நான் எப்படி விழுங்குவேன் என்று கேளுங்கள்.

இனி தனிமை. அம்மா அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்க்கிறாள், போனால்தான் சம்பளம். ஒரு வாரம் கூட இருந்தாள், எட்டாம் நாள் போயாக வேண்டியிருந்தது. அண்ணன் குவைத்தில். காலை எட்டிலிருந்து சாயங்காலம் அஞ்சரை வரைக்கும் பேச முடியாத நான் மட்டும். ஒன்பதாம் நாள் கேஸ் சிலிண்டர் வந்தது. வெளியே அந்த அண்ணன் நம்பர் சொல்லுங்க, நம்பர் சொல்லுங்க என்று சத்தம் போடுகிறார், போனில் வந்த நாலு இலக்க எண்ணை என்னால் சொல்ல முடியவில்லை. துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு போனைத் தூக்கிக் காட்டினால் அவர் திண்ணைக்குக் கீழே நின்றபடி, தெரியவில்லை வாசியுங்கள் என்கிறார். வீங்கிய முகத்தோடு வெயிலில் இறங்கிப்போய் அவர் கண்ணுக்கு நேரே நீட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்ததும் பதறி, "ஐயோ தங்கச்சி, உள்ள போங்க" என்றார். சிலிண்டரை அடுக்களை வரைக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். உள்ளே வந்து ரொம்ப நேரம் அழுதேன். மறுநாளே ஒரு சிலேட்டு வாங்கினேன், சாக்பீஸ் நமக்குப் புதிதா என்ன. ஒரு நோட்டில் பெரிய எழுத்தில் "தாடையில் ஆபரேஷன், பேச முடியாது, எழுதிக் காட்டுகிறேன்" என்று எழுதி வாசல் கதவுக்குள் தொங்கவிட்டேன். பக்கத்து வீட்டு அக்காவிடம், எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டினால் வர வேண்டும் என்று பேசி வைத்தோம். இதெல்லாம் சர்ஜரிக்கு முன்னால் வாய் இருக்கும்போதே பேசி வைக்க வேண்டியது. சிலிண்டர், கரண்ட் பில், பேங்க் வேலை எல்லாவற்றையும் முன்பே முடித்துவிடுங்கள்.

தூக்கம் இரண்டு வாரத்துக்கு உட்கார்ந்தபடிதான். தலை உயரமாக இருந்தால்தான் வீக்கம் வடியும். தலையணையை அடுக்கிப் படுத்தால் ராத்திரியில் அது நழுவி, நான் சரிந்து, மூக்கடைத்து, வாயும் மூடியிருக்க மூச்சுக்குத் தவித்து எழுந்து உட்காருவேன். மேல்தாடை சர்ஜரி என்றால் மூக்கு அடைக்கும், ரத்தம் கசியும், ஆனால் சீந்தக் கூடாது. உப்புத்தண்ணீர் சொட்டு மருந்தும், கட்டியான ரத்தத்தைத் துடைக்க ஈரப் பஞ்சும் தலைமாட்டிலேயே இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ராத்திரி மாமா வீட்டுப் பரணிலிருந்து பழைய சாய்வு நாற்காலியை இறக்கிக் கொண்டுவந்தார்கள். அதில் ஒரு மெத்தையை மடித்துப் போட்டு, கழுத்துக்கு இரண்டு பக்கமும் பழைய சேலையைச் சுருட்டி அண்டை கொடுத்துப் படுத்த அன்றைக்குத்தான் தொடர்ந்து மூன்று மணி நேரம் தூங்கினேன். ஒரு வாரம் முன்பே அப்படிப் படுத்துப் பழகிப் பாருங்கள்.

இரண்டாம் வாரத்தில் மனசு ஒடிந்துபோகும். வலி குறைந்திருக்கும், ஆனால் முகம் நம் முகமாக இருக்காது, பசியும் அடங்காது. ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்த மாமி வாசலிலேயே நின்று, "என்னத்துக்கு மக்ளே இது, நல்லாத்தானே இருந்த" என்று கண் கலங்கினாள். அவள் பாசத்தில்தான் சொன்னாள், எனக்கு அது நாலு நாள் காதுக்குள்ளேயே கிடந்தது. ஏன் செய்தோம், தப்பு செய்துவிட்டோமோ என்று தினமும் அழுதேன். அழுதால் மூக்கடைக்கும், மூக்கடைத்தால் மூச்சுத் திணறும், அதனால் அழவும் பயம். இது எனக்கு மட்டும் வந்த கோளாறு இல்லை, மயக்க மருந்து, தூக்கமின்மை, பட்டினி எல்லாம் சேர்ந்து இந்தச் சர்ஜரி செய்கிற பலருக்கும் வருவது என்று செக்கப்பில் டாக்டர் சொன்னபோது பாதி பாரம் இறங்கியது. முதல் மூன்று வாரம் பார்க்க வருகிறவர்களை வீட்டார் தடுத்துவிடட்டும், வருத்தப்பட்டால் பிறகு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். தினமும் ஒரே இடத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கண்ணாடியில் தெரியாத வித்தியாசம் பத்தாம் நாள் போட்டோவையும் மூன்றாம் நாள் போட்டோவையும் பக்கத்தில் வைத்தால் தெரியும், எனக்கு அதுதான் கைகொடுத்தது.

வீண் செலவில் பெரியது ஒரு ராத்திரிப் பயணம். பன்னிரண்டாம் நாள் ராத்திரி ஒரு ரப்பர் அறுந்துவிட்டது. தாடை இடம் மாறிவிடும் என்று பயந்து 3,500 ரூபாய்க்கு கார் பிடித்து ஓடினோம். டியூட்டி டாக்டர் ஒரு நிமிஷத்தில் புது ரப்பர் மாட்டி, ஒரு பாக்கெட் கையில் கொடுத்து, எலும்பைப் பிடித்திருப்பது உள்ளே இருக்கிற தகடு, இது காலையில் மாட்டினாலும் போதும் என்று அனுப்பிவிட்டார். ஒரு பாக்கெட் ரப்பரும், அதை மாட்டத் தெரிந்த கையும், ராத்திரியில் மெசேஜ் அனுப்ப ஒரு நம்பரும் முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எதற்கு உடனே ஓட வேண்டும், எதற்குக் காத்திருக்கலாம் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நிற்காத ரத்தம், காய்ச்சல், சீழ் நாற்றம், குறைந்த வீக்கம் மறுபடி ஏறுவது, மூச்சுக் கஷ்டம் இதற்கெல்லாம் ஓட வேண்டும். மூன்றாம் செக்கப்பிலிருந்து இரணியலில் ரயில் ஏறிப் போனேன், குலுக்கலும் இல்லை, செலவும் இல்லை. முதலிலேயே தோன்றியிருந்தால் ஆறாயிரம் ரூபாயாவது மிஞ்சியிருக்கும்.

பள்ளியில் பத்து நாள் லீவு தந்தார்கள். எனக்கு ஐந்து வாரம் ஆனது, மீதிக்குச் சம்பளம் இல்லை. போன பிறகும் நாள் முழுக்கப் பேச முடியவில்லை, முதல் மாதம் அரை நேரம்தான். பேசுகிற வேலை பார்க்கிறவர்கள் இரண்டு மாதம் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், யார் எத்தனை வாரத்தில் தேறினார் என்று பார்த்து ஏமாற வேண்டாம். ஆறாவது வாரம் மென்மையான சாப்பாட்டுக்கு அனுமதி கிடைத்தது. தேங்காய்ப்பாலில் ஊறிய இடியாப்பத்தை ஒரு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டேன், அம்மா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்து வாயைத் திறக்கிற பயிற்சியும் அதே வாரம் ஆரம்பித்தது, அதை ஒரு நாளும் விடாதீர்கள்.

இப்போது முன்பல் சேர்கிறது, தலைவலி இல்லை, மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன்கறியும் சாப்பிடுகிறேன். கிளிப் இன்னும் கழற்றவில்லை. நாடியில் இடதுபக்கம் ஒரு ரூபாய் அளவுக்கு இன்னும் மரத்துத்தான் இருக்கிறது, ஓரத்தில் மட்டும் எறும்பு ஊர்வது மாதிரி அவ்வப்போது சுர்ரென்கிறது, நரம்பு பிழைக்கிற அடையாளம் என்கிறார்கள். சிலருக்கு கொஞ்சம் மரப்பு நிரந்தரமாகவும் நின்றுவிடும், இதைச் சர்ஜரிக்கு முன்னால் எனக்குத் தெளிவாகச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். டீ குடிக்கும்போது அந்தப் பக்கம் வழிந்தால் தெரியாது, அதனால் ஸ்டாஃப் ரூமில் கையில் ஒரு கைக்குட்டை வைத்துக்கொள்கிறேன். சாய்வு நாற்காலியை இன்னும் மாமா வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. கருங்கல் பக்கத்தில் ஒரு பிள்ளைக்கு அடுத்த மாதம் இதே ஆபரேஷன் என்று கேள்விப்பட்டு, அவர்கள் வீட்டில் கேட்டு வைத்திருக்கிறார்கள்.